லோன்றி அறை யந்திர அறையா?

சட்டமும் நாங்களும்

ஸ்காபரோவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் ஊரில் ஷெல் விழுந்து ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் காலும் ஊன்றுகோலுமாக நடமாடுகிறார். மனைவிக்கு இரவு வேலை என்பதால் சமையல், பிள்ளைகள், துணி துவைப்பு எல்லாம் அவருடைய பொறுப்பு. அவர்கள் இருப்பது பழைய அடுக்குமாடிக் கட்டடம். துணி துவைக்கும் அறை பேஸ்மென்ற்றில் இருக்கிறது. லிப்ற்றை விட்டு இறங்கியதும் மூன்று படிகள், ஒரு பக்கத்தில் மட்டும் கைபிடி, அதன் பிறகு பாரமான இரும்புக் கதவு. துணிக் கூடையுடன் அவரால் அந்தப் படிகளில் இறங்க முடியாது. இப்போது பதினொரு வயது மகள்தான் மாலை நேரங்களில் தனியே கூடையை இழுத்துக்கொண்டு போய் வருகிறாள்.

சூப்பரின்டென்டனிடம் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இதுதானாம்: "அது சேர்விஸ் றூம். சேர்விஸ் றூமுக்கு உடற்குறைபாடு உள்ளவர்களுக்காக ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது." இது உண்மையா என்பதுதான் சகோதரியின் கேள்வி. இதே போன்ற கட்டடங்களில் எம்மவர் பல நூறு குடும்பங்கள் வாழ்வதால் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சூப்பரின்டென்டன் சொன்னதில் பாதி உண்மை. அவருக்கு அந்தப் பாதியை மட்டும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டடங்கள் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதைக் கட்டட விதிக்கோவை சொல்கிறது. சக்கர நாற்காலியில் வருபவரும் தடையில்லாமல் போய்வரத்தக்க பாதை எங்கெங்கே வேண்டும் என்று அதில் ஒரு பகுதி உண்டு. அதிலேயே விதிவிலக்குகளும் உண்டு. யந்திர சாதனங்கள் உள்ள சேர்விஸ் அறைகள், லிப்ற்றை இயக்கும் யந்திர அறை, துப்புரவுத் தொழிலாளியின் சாமான் அறை, குழாய்களும் கம்பிகளும் ஓடும் இடைவெளிகள், தவழ்ந்து போக வேண்டிய அடித்தள இடைவெளி, கூரைக்குக் கீழுள்ள இடம் ஆகியவற்றுக்குத் தடையற்ற பாதை கட்டாயமில்லை. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரவிதிகளிலும் இதே போன்ற விலக்கு இருக்கிறது. பழுது பார்க்கவும் இடையிடையே சாதனத்தைக் கவனிக்கவும் ஊழியர்கள் மட்டும் போகிற இடங்கள் என்று சொல்லி, லிப்ற் குழி, மின்மாற்றி அறை, பம்ப் அறை போன்றவற்றை அங்கே உதாரணம் காட்டுகிறார்கள்.

இந்த விலக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. கொதிகலன் இருக்கும் அறைக்கு ஒரு தொழில்நுட்பவியலாளர் எப்போதாவதுதான் போகிறார். கூரை மேலுள்ள விசிறியைப் பார்க்க ஏணி வைத்து ஏறுகிறார். அங்கெல்லாம் சாய்தளம் கட்டச் சொன்னால் யாருக்கும் பயனில்லாத செலவு. பொதுமக்கள் அங்கே போவதுமில்லை, போகவும் கூடாது.

ஆகவே விலக்கின் காரணம் அந்த இடத்தை யார் பாவிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கதவில் என்ன பெயர்ப்பலகை தொங்குகிறது, அறை பேஸ்மென்ற்றில் இருக்கிறதா, குழாய்கள் தெரிகின்றனவா என்பதெல்லாம் முக்கியமல்ல. கட்டடத்தின் சேவைகளுக்கான சாதனங்களை வைப்பதற்கென்று உள்ள அறைதான் சேர்விஸ் அறை. கொதிகலன், வெப்பமூட்டி, பம்ப், மின் இணைப்புப் பெட்டிகள் போன்றவை இருக்கும் அறைகள் இதில் சேரும். ஆனால் குடியிருப்பாளர்கள் பொதுவாகப் பாவிக்கும் லோன்றி அறை சேர்விஸ் அறையாகக் கருதப்படுவதில்லை. கனடாவின் தேசிய கட்டட விதிக்கோவையின் விளக்கக் குறிப்பிலேயே இப்படி வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஒன்ராறியோவின் விதிக்கோவையும் அதே அடியொற்றி வந்ததுதான்.

சகோதரியின் கேள்விக்கு இதுவே முதற் பதில். லோன்றி அறை யந்திர அறை அல்ல. துவைக்கும் யந்திரம் அங்கே இருப்பதால் அது யந்திர அறை ஆகிவிட்டால், எங்கள் வீட்டுக் குசினியும் யந்திர அறைதான்.

இதோடு விஷயம் முடியவில்லை. வேறொரு தடை இருக்கிறது. கட்டட விதிக்கோவை புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்கும், பெரிய அளவில் திருத்தியமைக்கும்போதும், பாவனையை மாற்றும்போதும்தான் பொருந்தும். ஒன்ராறியோ முழுவதற்குமான முதல் கட்டட விதிக்கோவை 1975ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. எம்மவர் வாழும் உயர்ந்த கட்டடங்களில் ஏராளமானவை 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் எழுந்தவை. புதிய அடுக்குமாடிகளில் நூற்றுக்கு 15 வீடுகளில் அடிப்படை அணுகல் வசதிகள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2015ஆம் ஆண்டு தை மாதத்தில்தான் வந்தது. ஆகவே கட்டட விதியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போனால், "இது பழைய கட்டடம், எங்களைப் பாதிக்காது" என்று உரிமையாளர் கதவைச் சாத்திவிடுவார். அந்த அளவில் அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

நாங்கள் கையில் எடுக்க வேண்டியது வேறு சட்டம். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவை 1962ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவரை உடற்குறைபாடு காரணமாகச் சமமில்லாமல் நடத்தக்கூடாது என்று அது சொல்கிறது. இதற்குக் கட்டடத்தின் வயது ஒரு பொருட்டல்ல. மற்றைய மாகாணச் சட்டங்களுடன் முரண்பாடு வந்தால், வேறுவிதமாகக் குறிப்பாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, இந்தச் சட்டமே மேலோங்கும். வாடகையுடன் சேர்ந்து கிடைக்கும் லோன்றி, தபால் பெட்டி, வாகனத் தரிப்பிடம், குப்பை போடும் இடம் எல்லாம் குடியிருப்பின் பகுதிகளே. அவற்றைப் பாவிக்க முடியாமல் ஒருவர் தடைப்பட்டால், உரிமையாளர் அவருக்கு ஏற்ற ஒழுங்கு செய்து கொடுக்கக் கடமைப்பட்டவர். "தாங்கமுடியாத சிரமம்" வரும் எல்லை வரைக்கும் அந்தக் கடமை உண்டு. அந்தச் சிரமத்தை அளக்கும்போது மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பார்கள்: செலவு, வெளியிலிருந்து பண உதவி கிடைக்குமா என்பது, சுகாதாரமும் பாதுகாப்பும். சிரமம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியவரும் உரிமையாளரே. அலுப்பு, வழக்கமில்லை, மற்றக் குடியிருப்பாளர்கள் விரும்பமாட்டார்கள் என்பவை எடுபடாது. செலவை உங்கள் வாடகையில் ஏற்றவும் முடியாது.

எங்கள் ஆட்கள் பலர் தவறவிடுகிற ஒரு இடம் இருக்கிறது. "சாய்தளம் கட்டித்தா" என்று ஒரே ஒரு தீர்வை மட்டும் கேட்டுவிட்டு, முடியாது என்றதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு படி 7 அங்குலம் என்று வைத்தால் மூன்று படிக்கு 21 அங்குலம். சாய்தளம் 12க்கு 1 என்ற அளவைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. அப்படியானால் 21 அடி நீளமான சாய்தளம் வேண்டும், மேலேயும் கீழேயும் சமதளமும் வேண்டும். ஒடுங்கிய பேஸ்மென்ற் நடையில் அவ்வளவு இடம் இல்லாமலே போகலாம். ஊன்றுகோலில் நடப்பவருக்கு நீண்ட சாய்தளம் படியைவிடச் சுகமாக இருக்குமா என்பதும் சந்தேகம்தான். மழைநாளில் நனைந்த ரப்பர் நுனி வழுக்கும்.

ஆகவே உங்கள் தேவை என்ன என்பதை முதலில் சொல்லுங்கள். அதற்கான வழிகளை இரண்டு மூன்றாகச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கைபிடி போடலாம். கதவுக்குப் பொத்தானை அழுத்தினால் திறக்கும் மின்கருவி பூட்டலாம். படியே வேண்டாமென்றால் லிப்ற்றின் மட்டத்தில் உள்ள ஒரு வெற்று அறையில் ஒரு துவைக்கும் யந்திரமும் ஒரு உலர்த்தியும் வைக்கலாம். பல ஒப்பந்தங்களில் வீட்டுக்குள் சொந்தத் துவைக்கும் யந்திரம் வைக்கக்கூடாது என்று இருக்கும். அந்த நிபந்தனையை உங்களுக்காகத் தளர்த்தும்படி கேட்கலாம். இவற்றைச் செய்து முடிக்கும் வரைக்கும் கட்டட ஊழியர் ஒருவர் வாரத்தில் குறித்த நேரத்தில் கூடையைக் கீழே கொண்டுபோய்க் கொடுக்கும் ஒழுங்கையும் தற்காலிகமாகக் கேட்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு யந்திரமே எட்டாது என்பது இன்னொரு பிரச்சினை. மேலே திறக்கும் யந்திரத்தின் அடியில் கிடக்கும் காற்சட்டையை உட்கார்ந்தபடி எடுக்க முடியாது. முன்பக்கம் திறக்கும் யந்திரமாக இருந்தால், அதன் வாயின் அடிவிளிம்பு தரையிலிருந்து 15 முதல் 36 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன அமெரிக்கத் தரவிதிகள் சொல்கின்றன. அந்த விதி இங்கே கட்டாயமில்லை. ஆனாலும் உரிமையாளரிடம் காட்டுவதற்கு நல்ல அளவுகோல்.

வாயால் கேட்டது காற்றோடு போய்விடும், எழுத்தில் கேளுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். பின்வரும் விஷயத்தை ஆங்கிலத்தில் யாரையாவது கொண்டு எழுதுவித்தால் போதும்:

"நான் இந்த இலக்க வீட்டில் குடியிருக்கிறேன். உடற்குறைபாடு காரணமாக என்னால் பாரம் தூக்கிக்கொண்டு படி இறங்க முடியாது. பாரமான கதவைத் தள்ளவும் முடியாது. இதனால் வாடகையோடு சேர்ந்த லோன்றி அறையை நான் பாவிக்க முடியாமல் இருக்கிறது. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவையின் கீழ் எனக்கு ஏற்ற ஒழுங்கு செய்து தரும்படி கேட்கிறேன். பின்வரும் வழிகளில் எதுவும் எனக்கு உதவும். இதைப் பற்றிப் பேச நான் ஆயத்தமாக இருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தரவும்."

திகதியைப் போட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியரின் கடிதம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் என்ன செய்ய முடியாது, என்ன உதவி தேவை என்பது இருந்தால் பொதுவாகப் போதும். நோயின் பெயரையோ, கால் எப்படிப் போனது என்ற கதையையோ உரிமையாளருக்குச் சொல்லத் தேவையில்லை. பேசுவதற்கு அவர் கூப்பிட்டால் போகவேண்டும். ஒத்துழைப்பது எங்கள் பக்கத்துக் கடமை.

குப்பை அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் குப்பைக் குழாய் இருக்கும் அந்தச் சிறு அறையில் கதவு தானாகவே அடித்து மூடும். தள்ளித் திறப்பதே கஷ்டம், உள்ளே சக்கர நாற்காலி திரும்பவும் இடமில்லை. லோன்றியைப் போல் இங்கே வாதாட முடியாது. நான் மேலே குறிப்பிட்ட விளக்கக் குறிப்பில் குப்பை அறை சேர்விஸ் அறைகளின் உதாரணமாகவே இருக்கிறது. ஆனால் கட்டட விதியில் விலக்கு இருப்பதால் மனித உரிமைச் சட்டத்திலும் விலக்கு என்று ஆகாது. குடியிருப்பாளர் நாளாந்தம் போக வேண்டிய இடமாக அது இருக்கும்வரை ஒழுங்கு செய்து கேட்கலாம். இதற்கு இலகுவான வழி, குறித்த நாட்களில் வீட்டு வாசலிலிருந்து குப்பைப் பையை ஊழியர் எடுத்துப் போவதுதான். ஒரு சதமும் கட்டுமானச் செலவு இல்லை. தயவுசெய்து அந்தக் கதவுக்குச் செருப்பையோ மரக்கட்டையையோ சொருகித் திறந்து வைக்காதீர்கள். தீயும் புகையும் நடைக்கு வராமல் தடுக்கவே அது தானாக மூடுகிறது. திறந்தே வைக்க வேண்டுமென்றால், தீ எச்சரிக்கை மணி அடித்ததும் விடுபட்டு மூடும் பிடிப்பானை உரிமையாளர் பூட்டலாம்.

தீ என்றதும் இன்னொன்று. பெரிய குடியிருப்புக் கட்டடங்களுக்குத் தீப் பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும். உதவி தேவைப்படுபவர்களை எப்படி வெளியேற்றுவது என்பதும் அதில் அடங்கும். உங்கள் வீட்டில் படி இறங்க முடியாதவர் இருந்தால் அலுவலகத்தில் சொல்லி, உதவி தேவைப்படுவோர் பட்டியலில் வீட்டு இலக்கத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இனி வேலை விஷயம். யந்திர அறைகளுக்கு அணுகல் வசதி கட்டாயமில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கட்டடப் பராமரிப்பு வேலைக்கு உடற்குறைபாடு உள்ளவரை எடுக்க முடியாது" என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. ஊரில் மின்னியல் படித்தவர், நீர்ப்பம்ப் திருத்தியவர் எங்கள் மத்தியில் எத்தனை பேர்! அறைக்கு விலக்கு இருக்கலாம், வேலை கொடுப்பவருக்கு விலக்கு இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுத்தீ அணைக்கும் வேலை செய்த மெயோரின் என்ற பெண்ணின் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் 1999ஆம் ஆண்டு ஒரு முக்கிய தீர்ப்பைச் சொன்னது. அவர் வேலையைத் திருப்தியாகச் செய்துகொண்டிருந்தார். புதிதாக வந்த உடற்தகுதிச் சோதனையில் 2.5 கிலோமீற்றரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். அவருக்கு 49.4 செக்கன் கூடிவிட்டது. வேலை போய்விட்டது. அந்தச் சோதனை வேலையைப் பாதுகாப்பாகச் செய்வதற்கு உண்மையாகவே அவசியம் என்று அரசு காட்டவில்லை எனக் கூறி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அது ஆண் பெண் வேறுபாடு பற்றிய வழக்கு என்றாலும், அதில் வகுத்த அளவுகோல் உடற்குறைபாட்டு வழக்குகளுக்கும் பொருந்துகிறது. ஆகவே "ஏணி ஏற வேண்டும்" என்று சொன்னால், நாளில் எத்தனை தடவை, வேறொருவர் அந்தப் பகுதியைச் செய்து இவர் வேறு பகுதியைச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். உண்மையாகவே முழுநாளும் ஏணியில்தான் வேலை என்றால் அந்த வேலை கிடைக்காமல் போகலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கமரா பார்த்தபடி பாதுகாப்பு மேசையில் எட்டு மணிநேரம் ஒருவர் உட்காரும் அறையை யாரும் யந்திர அறை என்று சொல்ல முடியாது.

வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமையாளருடன் குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டு அவருடைய வீட்டிலேயே இருந்தால், குடியிருப்பில் சமமாக நடத்தப்பட வேண்டும் என்ற இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. தனிக் குசினியும் தனிக் குளியலறையும் இருந்தால் பொருந்தும். இங்கே உரிமையாளர் பெரும்பாலும் எம்மவராகவே இருப்பார். மின்சாரப் பிரேக்கர் பெட்டி வெப்பமூட்டி இருக்கும் அறையில் பூட்டிக் கிடக்கும், திறப்பு மேலே இருக்கும். இரவில் பிரேக்கர் விழுந்தால், சுவாசக் கருவியோ மின்சாரக் கட்டிலோ வைத்திருக்கும் வயோதிபர் என்ன செய்வார்? திறப்பின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அண்ணை, அக்கா என்று பழகுவதால் கேட்கக் கூச்சப்படுகிறோம். கூச்சம் வேண்டாம்.

அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்கள் பலர், முறைப்பாடு செய்தால் வழக்கைப் பாதிக்குமோ என்று பயந்து பேசாமல் இருக்கிறார்கள். இந்தச் சட்டம் "ஒவ்வொருவருக்கும்" என்றுதான் சொல்கிறது, பிரஜாவுரிமையைக் கேட்கவில்லை. உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்குவதையும் அது தனியாகத் தடைசெய்கிறது.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2008ஆம் ஆண்டிலிருந்து நேரடியாகவே விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது, கட்டணம் இல்லை. கடைசியாகச் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். தீர்ப்பாயம் மெதுவாகத்தான் நகரும் என்பதால் அதற்கு முன்பே சமரசமாகத் தீர்க்கப் பாருங்கள். மனித உரிமைச் சட்ட உதவி நிலையம், ஆர்ச் எனப்படும் உடற்குறைபாட்டுச் சட்ட நிலையம், உங்கள் பகுதியின் சமூகச் சட்ட உதவி நிலையம் ஆகியவை இலவசமாக ஆலோசனை தரும். ரொறன்ரோ நகரில், மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களை 2017ஆம் ஆண்டு முதல் நகரசபையின் றென்ற்சேஃப் திட்டம் கண்காணிக்கிறது. உடைந்த கைபிடி, திறக்காத கதவு, வேலை செய்யாத லிப்ற் போன்ற பராமரிப்புக் குறைகளுக்கு 311 இலக்கத்தை அழைத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மொன்றியல், வன்கூவர் வாசகர்கள் தங்கள் மாகாணச் சட்டத்தைத் தனியாக விசாரிக்க வேண்டும். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஒன்ராறியோவுக்கு உரியது.

சகோதரியின் கடிதத்துக்கு உரிமையாளரிடமிருந்து என்ன பதில் வருகிறது என்பதை எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். அடுத்த இதழில், குளிர்காலத்தில் வீட்டு வெப்பநிலை பற்றி மூன்று வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகள்.